அத்தியாயம் 9: உங்கள் லேப் நிறுவனத்தின் கடன் தரம் இறங்கும்போது

காரைக்கால் பக்கம் பூவத்திலோ கோட்டுச்சேரியிலோ ஒரு பெரிய லேப் நிறுவனத்தின் பெயர்ப்பலகையை மாட்டி நீங்கள் கலெக்‌ஷன் சென்டர் நடத்துகிறீர்கள். விடிந்ததும் வெறும் வயிற்றோடு வருபவர்களுக்கு ரத்தம் எடுத்து, டியூபில் பெயர் ஒட்டி, ஐஸ் பெட்டியில் அடுக்கிக் காரைக்காலுக்கு அனுப்பிவைக்கிறீர்கள். அங்கிருந்து அது தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ சென்னைக்கோ போகிறது. மாலையில் ரிப்போர்ட் வந்துவிடுகிறது. ஒரு நாள், அந்த நிறுவனத்தின் கடன் தரத்தைத் தர மதிப்பீட்டு நிறுவனம் இரண்டு படி இறக்கிவிட்டதாகச் செய்தி வருகிறது. உங்கள் டெபாசிட் அவர்களிடம் இருக்கிறது. உங்கள் கையால் எடுத்த ரத்தத்துக்கு அவர்கள் சொல்லும் எண்ணை நம்பித்தான் ஊரில் பலர் மாத்திரை போடுகிறார்கள். அந்த நாளில் தொடங்கி என்னென்ன செய்ய வேண்டும் என்பதே இந்த அத்தியாயம்.

எழுத்து சொல்வது என்ன

கிரிசில், இக்ரா, கேர், இந்தியா ரேட்டிங்ஸ் போன்றவை செபியிடம் பதிவு பெற்ற தர மதிப்பீட்டு நிறுவனங்கள். அவை கேட்பது ஒரே கேள்வி: வாங்கிய கடனை இந்த நிறுவனம் முழுதாக, தவணை தவறாமல் கட்டுமா? ஏஏஏ உச்சம். அதற்குக் கீழே ஏஏ, ஏ, பிபிபி, பிபி, பி, சி என இறங்கி, டி-யில் முடிகிறது. பிபிபி மைனஸ் வரை முதலீட்டுக்கு ஏற்றது என்று கணக்கு. அதற்குக் கீழே போனால் பல நிதி நிறுவனங்கள் அந்தப் பக்கமே திரும்பமாட்டா. தவணை நாளில் ஒரு ரூபாய் குறைந்தாலும், ஒரு நாள் தாமதித்தாலும் டி என்பதுதான் நடைமுறை.

உங்கள் சர்க்கரை ரிப்போர்ட் சரியா தப்பா என்பதை இவர்கள் யாரும் பார்ப்பதில்லை. அது லேபுகளுக்கு அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எல். அமைப்பின் வேலை; ஐ.எஸ்.ஓ. 15189 என்ற தரத்தின்படி அவர்கள் லேபைச் சோதிக்கிறார்கள். ஆகவே செய்தி வந்த அன்று காலையில் ஒருவர், "இனி இங்க டெஸ்ட் எடுக்கலாமாங்க?" என்று கேட்டால், "இன்னைக்கு வர்ற ரிப்போர்ட்டுக்கும் அந்தச் செய்திக்கும் சம்பந்தமில்லைங்க" என்று தயங்காமல் சொல்லலாம். ஆறு மாதம் கழித்தும் அதே பதிலைச் சொல்ல முடியுமா என்பது நீங்கள் இடையில் எதைக் கவனிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

கடன் எங்கே உட்கார்ந்திருக்கிறது

ரத்தம் பார்க்கும் தொழிலில் இவ்வளவு கடன் எப்படி வருகிறது என்று பலர் வியக்கிறார்கள். மெஷினால் வருவது குறைவு. பெரிய அனலைசர்களைத் தயாரிப்பாளரே லேபில் கொண்டுவந்து வைத்துவிட்டு, மாதாமாதம் இவ்வளவு ரீஏஜென்ட் வாங்க வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்வது இந்தத் தொழிலின் வழக்கம். கடன் பெரும்பாலும் ஒரு லேப் இன்னொரு லேபை விலைக்கு வாங்கும்போது வருகிறது.

எல்லாக் கடனும் கெட்டதல்ல. மெட்ரோபோலிஸ் நிறுவனம் 2021-இல் சென்னையின் ஹைடெக் டயக்னாஸ்டிக்ஸை 600 கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கியது. ஒரு பகுதிக்குக் கடன் வாங்கியது. சில ஆண்டுகளில் அதைக் கட்டித் தீர்த்தது. வாங்கிய லேபின் வருமானமே தவணையைக் கட்டக்கூடியதாக இருந்தால் இப்படி முடியும்.

தைரோகேர் கதை வேறு. கோவைப் பக்கத்து அப்பநாயக்கன்பட்டியில் பிறந்த வேலுமணி 1996-இல் மும்பையில் தொடங்கிய நிறுவனம் அது. 2021 ஜூனில், இணையத்தில் மருந்து விற்கும் பார்மஈஸியின் தாய் நிறுவனமான ஏபிஐ ஹோல்டிங்ஸ் அதன் 66.1 சதவீதப் பங்கை 4,546 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக அறிவித்தது. அதற்குப் பெருங்கடன் வாங்கினார்கள். அதே ஆண்டு நவம்பரில் 6,250 கோடி ரூபாய்க்குப் பங்கு வெளியீட்டுக்கு விண்ணப்பித்தார்கள். அந்தப் பணத்தில் கடனை அடைப்பது திட்டம். சந்தை திரும்பிவிட்டது. 2022 ஆகஸ்டில் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றார்கள். பழைய கடனை அடைக்கக் கோல்ட்மேன் சாக்ஸிடம் புதுக்கடன் வாங்கினார்கள். 2023-இல், முந்தைய விலையைவிடச் சுமார் 90 சதவீதம் குறைந்த விலையில் பங்குகளைக் கொடுத்துப் பணம் திரட்ட வேண்டிய நிலை வந்தது.

இவ்வளவு நடந்தபோதும் தைரோகேரின் சொந்தக் கணக்கில் கடன் சொற்பம். சுமை முழுதும் மேலே, தாய் நிறுவனத்தில் இருந்தது. லேபின் பங்குகள் அந்தக் கடனுக்கு ஈடாக நின்றன. அப்படிப்பட்ட இடத்தில் மோசமாகப் போனால் லேபின் முதலாளி மாறுவார்; மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். கடன் லேபின் தலைமேலேயே இருந்தால் மெஷினே நிற்கலாம். ஆகவே நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, கடன் வாங்கியது யார் பெயரில் என்பதை. உங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நிறுவனத்தின் முழுப் பெயரை எடுத்து, தரம் இறங்கிய நிறுவனத்தின் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே பிராண்டின் கீழ் நான்கைந்து கம்பெனிகள் இருக்கும்.

காரைக்கால் வாசகர்களுக்கு இன்னோர் உதாரணம் நெருக்கமாக இருக்கும். இங்கே பல வீடுகளில் அண்ணனோ அத்தையோ பாரிஸ் பக்கம் இருக்கிறார்கள்; அவர்கள் ரத்தம் கொடுக்கும் இடம் செர்பா குழுமத்தின் லேபாக இருக்கக்கூடும். 1967-இல் தொடங்கிய செர்பாவை 2021-இல் ஈக்யூடி என்ற ஸ்வீடன் முதலீட்டு நிறுவனம் சுமார் 450 கோடி யூரோ மதிப்பில் வாங்கியது. விலையின் பெரும்பகுதி கடன். அந்தக் கடன் குழுமத்தின் மேலேயே ஏற்றப்பட்டது. வாங்கிய நேரம் கோவிட் பரிசோதனை வருமானம் கொழித்த நேரம். பிறகு அந்த வருமானம் வற்றியது, வட்டி விகிதம் ஏறியது, பிரெஞ்சு அரசின் மருத்துவக் காப்பீடு பரிசோதனைகளுக்குக் கொடுக்கும் கட்டணத்தைக் குறைத்தது. 2024 செப்டம்பரில் பிரான்ஸ் முழுக்கத் தனியார் லேபுகள் எதிர்ப்புத் தெரிவித்துச் சில நாள் மூடிக்கிடந்தன. சர்வதேசத் தர மதிப்பீட்டு நிறுவனங்கள் செர்பாவின் தரத்தை ஒரு முறைக்கு மேல் இறக்கின. லேபுகள் ரத்தம் எடுப்பதை நிறுத்தவில்லை. ஆனால் வரும் காசில் பெரும்பங்கு வட்டிக்குப் போகும் நிறுவனத்தால் புது மெஷினுக்கும் ஆட்களுக்கும் எவ்வளவு ஒதுக்க முடியும்? நம் ஊர் லேப் நிறுவனத்தின் தரம் இறங்கும்போதும் இதே கேள்வியைத்தான் கேட்க வேண்டும்.

காரண அறிக்கையைப் படியுங்கள்

எழுத்தை மட்டும் பார்த்துப் பதறுவதும் பயனில்லை, அலட்சியமாக இருப்பதும் பயனில்லை. ஒவ்வொரு முறையும் தரத்தை மாற்றும்போது ஏன் மாற்றினோம் என்று நான்கைந்து பக்க அறிக்கை ஒன்றைத் தர மதிப்பீட்டு நிறுவனம் தன் இணையதளத்தில் போட வேண்டும். 'ரேட்டிங் ரேஷனல்' என்பார்கள். காசு கட்ட வேண்டியதில்லை. லேப் கம்பெனியின் பெயரைத் தேடினால் வரும். ஆங்கிலத்தில்தான் இருக்கும். உங்கள் ஆடிட்டரிடமோ பி.காம். படித்த பிள்ளையிடமோ உட்கார்ந்து கேளுங்கள். என் அனுபவத்தில் இந்த ஒரு மணி நேரத்துக்கு ஈடான வேறு வேலை இல்லை.

அதில் பணப்புழக்கம் பற்றிய பத்தியை முதலில் தேடுங்கள். அடுத்த 12 மாதத்தில் கட்ட வேண்டிய தவணை எவ்வளவு, கையிலிருக்கும் ரொக்கம் எவ்வளவு, வங்கியில் எடுக்காமல் மிச்சமிருக்கும் ஓவர்டிராஃப்ட் எவ்வளவு என்று அங்கே இருக்கும். பிறகு ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். புரிவதற்காக ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். தொழிலில் ஆண்டுக்குக் கிடைக்கும் இயக்க லாபம் 50 கோடி. கடன் 300 கோடி. அதாவது லாபத்தைப் போல 6 மடங்கு. 11 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 33 கோடி. அசல் தவணை 30 கோடி. மொத்தம் 63 கோடி கட்ட வேண்டும்; வருவது 50. மீதி 13 கோடியை எங்கிருந்து கொண்டுவருவார்கள்? புதுக்கடன், முதலாளியின் பணம், அல்லது யாருக்காவது கொடுக்க வேண்டியதைத் தாமதிப்பது. அந்த 'யாருக்காவது' என்பதில் நீங்களும் இருக்கிறீர்கள்.

முதலாளி பணம் போடுவார் என்று அறிக்கையில் எழுதியிருந்தால், போட்டுவிட்டாரா, போடுவதாகச் சொல்லியிருக்கிறாரா என்று பிரித்துப் பாருங்கள். அரசுத் திட்டங்களிலிருந்தும் காப்பீட்டு நிறுவனங்களிலிருந்தும் வர வேண்டிய பணம் பல மாதமாக நிலுவை என்றிருந்தால், லேபின் வேலை நன்றாகவே இருந்தும் காசு சிக்கிக்கிடக்கிறது என்று பொருள். இது சரியாகக்கூடிய நோய். நிறுவனம் தகவல் தரவில்லை, 'ஒத்துழைக்காத நிறுவனம்' என்று தரத்தின் பக்கத்திலேயே குறிப்பிட்டிருந்தால் அதைத்தான் எல்லாவற்றையும்விடக் கெட்ட அறிகுறியாக நான் எடுத்துக்கொள்வேன். கணக்கைக் காட்ட மறுப்பவரிடம் டெபாசிட்டை விட்டுவைக்கக் காரணமே இல்லை.

எழுத்து நன்றாக இருப்பதால் மட்டும் நிம்மதி கொள்ளவும் வேண்டாம். உள்கட்டமைப்புக்குக் கடன் கொடுத்துவந்த ஐ.எல்.எஃப்.எஸ். நிறுவனம் 2018 ஜூலையில் ஏஏஏ; அதே ஆண்டு செப்டம்பரில் டி.

நெருக்கடி டியூபுக்கு வந்துசேரும் வழி

மேட்டூரில் தண்ணீர் குறைந்தால் கடைமடைக்குத் தெரியச் சில நாளாகும்; தெரியும்போது முழுதாகத் தெரியும். கடன் தரமும் அப்படித்தான் வந்து சேர்கிறது.

முதலில் வங்கி. ரிசர்வ் வங்கி விதிப்படி, ஏ தரக் கம்பெனிக்குக் கொடுத்த கடனில் 50 சதவீதத்தை இடர்ச் சொத்தாகக் கணக்கிடுகிறார்கள். பிபிபி என்றால் 100 சதவீதம். பிபி-யும் அதற்குக் கீழும் 150. அதற்கேற்ப வங்கி கூடுதல் மூலதனம் ஒதுக்க வேண்டும். ஆகவே வட்டி ஏறுகிறது, ஓவர்டிராஃப்ட் வரம்பு சுருங்குகிறது. அடுத்து ரீஏஜென்ட் விற்பவர். 60 நாள் கடனுக்குக் கொடுத்தவர் பணத்தைக் கையில் வைத்தால்தான் சரக்கு என்கிறார். லேப் அப்போது சிக்கனம் தேடுகிறது.

பூவத்தில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு இது எப்படித் தெரியும்? டியூபும் ஊசியும் கேட்டு நான்கு நாள் ஆகியும் வராது. மாலையில் வந்த தைராய்டு ரிப்போர்ட் மறுநாள் வரும். வழக்கமாகச் செய்யும் டெஸ்டுகளில் சில, பட்டியலிலிருந்து காணாமல் போகும். அல்லது ரிப்போர்ட்டின் அடியில் வேறொரு லேபின் பெயர் சின்ன எழுத்தில் வரும். "சாம்பிள் போதவில்லை, மறுபடி எடுங்கள்" என்ற அழைப்புகள் கூடும். உங்களுக்குப் பழக்கமான லேப் டெக்னீஷியன் வேலையை விட்டுப் போயிருப்பார். இதையெல்லாம் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சாக்கு இருக்கும். ஒரு மாதப் பக்கத்தைச் சேர்த்துப் படித்தால் போக்கு தெரியும்.

சாம்பிள் எடுத்துப்போகும் வண்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிக்கனத்தின் கத்தி பெரும்பாலும் அங்கேதான் முதலில் விழுகிறது. நாளுக்கு இருமுறை வந்த ஆள் ஒருமுறை வருவார். சர்க்கரை சிதைவதைத் தடுக்கும் மருந்து இல்லாத டியூபில், அணுக்களைப் பிரிக்காமல் வைத்த ரத்தத்தில் சர்க்கரை மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறைந்துகொண்டே போகும். ரத்த அணுக்களே அதைத் தின்றுவிடும். சித்திரை வெயிலில் இன்னும் வேகம். பிரிக்காத ரத்தத்தை ஐஸில் நெடுநேரம் வைத்தாலோ பொட்டாசியம் பொய்யாக ஏறிக் காட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ள ஒருவருக்கு அந்தப் பொய் எண்ணைப் பார்த்து மருந்தை மாற்றினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். லேபில் மெஷின் சரியாக ஓடியும் இவ்வளவு தவறு நடக்கும். சர்க்கரைக்கு, அந்தத் தடுப்பு மருந்து உள்ள சாம்பல் மூடி டியூபைத் தவிர வேறெதிலும் எடுக்காதீர்கள். முடிந்தால் சிறிய சென்ட்ரிஃபியூஜ் ஒன்றை வாங்கி, சீரத்தை உங்கள் சென்டரிலேயே பிரித்து அனுப்புங்கள். நிறுவனம் நல்ல நிலைமையில் இருந்தாலும் இந்தச் செலவு வீண் போகாது.

மாதம் ஒருமுறை, ஒருவரின் சம்மதத்தோடு ஒரே நேரத்தில் இரண்டு டியூப் எடுத்து, ஒன்றை உங்கள் நிறுவனத்துக்கும் இன்னொன்றை என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உள்ள வேறு லேபுக்கும் அனுப்பிப் பாருங்கள். சிறு வித்தியாசம் எப்போதும் இருக்கும். தொடர்ந்து ஒரே பக்கமாக விலகிக்கொண்டே போனால் நிறுவனத்தின் தர அதிகாரிக்கு எழுத்தில் கேளுங்கள். உங்கள் சாம்பிள் போகும் அந்தக் குறிப்பிட்ட கிளையின் பெயர் என்.ஏ.பி.எல். இணையதளத்தில் இன்னும் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். தலைமை லேபுக்கு இருக்கும் அங்கீகாரம் கிளைக்குத் தானாக வராது.

உங்கள் பணம்

டெபாசிட்டை உடனே திருப்பிக் கேட்டுச் சண்டை போடுவதைவிட, அவர்களிடம் நிற்கும் உங்கள் பணத்தைச் சுருக்குவது எளிது. முன்பணம் போட்டு அதிலிருந்து டெஸ்டுக்குக் கழித்துக்கொள்ளும் முறையில் இருந்தால், ஒரு மாதத்துக்குப் போடாமல் இரண்டு மூன்று நாளுக்கு மட்டும் போடுங்கள். கம்பெனி ஆப் வழியாகப் பதிவாகி, பணம் அவர்களிடம் போய், கமிஷன் பிறகு உங்களுக்கு வர வேண்டிய வேலைகள்தான் ஆபத்து. அவற்றுக்கு வாரக் கணக்குக் கேளுங்கள். ஒப்பந்தத்தில் விலகுவதற்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு, டெபாசிட் எத்தனை நாளில் திரும்பும், விலகிய பிறகு வேறு நிறுவனத்தின் சென்டர் வைக்கத் தடை உண்டா என்ற மூன்று இடங்களையும் கோடிட்டு வையுங்கள். வர வேண்டிய பணத்துக்காகக் கட்ட வேண்டியதை நீங்களே நிறுத்தி வைத்துக்கொள்வது ஆசையாகத்தான் இருக்கும். வழக்கறிஞரைக் கேட்காமல் செய்ய வேண்டாம். ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் என்று ஆகிவிடும்.

சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இல்லாவிட்டால் இன்றே செய்யுங்கள். 2006-ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவு பெற்ற சிறு தொழிலுக்குத் தர வேண்டிய பணத்தை அதிகபட்சம் 45 நாளுக்குள் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, கூட்டு வட்டியாக. இதற்கென உள்ள அரசு இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். வேலையைச் செய்து முடித்த பிறகு பதிவு செய்தால் பழைய நிலுவைக்கு இது உதவுவது கடினம். அதனால்தான் இன்றே என்கிறேன்.

சிலர் தங்கள் நிறுவனத்தின் கடன் பத்திரத்தையே வாங்கியிருப்பார்கள். முன்பு ஒரு பத்திரம் 10 லட்சம் ரூபாய். 2023-இல் அது 1 லட்சமானது. 2024-இல் 10,000 ரூபாய்க்கும் வெளியிடலாம் என்றானது. கைப்பேசியில் வாங்கிவிடலாம். வங்கி டெபாசிட்டுக்கு 5 லட்சம் வரை இருக்கும் காப்பீடு இதற்குக் கிடையாது, கம்பெனி ஃபிக்ஸட் டெபாசிட்டுக்கும் கிடையாது. 2019-இல் டி.எச்.எஃப்.எல். என்ற வீட்டுக்கடன் நிறுவனம் விழுந்தபோது அதில் டெபாசிட் போட்டிருந்த முதியவர்கள் பலருக்குக் கால் பங்குகூடத் திரும்பவில்லை. பத்திரம் வைத்திருந்தால் அதன் நிபந்தனைத் தாளில், தரம் குறைந்தால் வட்டி கூடுமா, முன்கூட்டியே பணம் கேட்க உரிமை உண்டா என்று பாருங்கள். பல பத்திரங்களில் உண்டு. பத்திர அறங்காவலரின் பெயரும் மின்னஞ்சலும் அதிலேயே இருக்கும்.

நிலைமை முற்றித் திவால் வழக்கு வந்தால், புதுச்சேரியைச் சேர்ந்த பூவத்துக்கும் தமிழ்நாட்டின் தரங்கம்பாடிக்கும் ஒரே இடம்தான்: தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு. கம்பெனியின் பதிவு அலுவலகம் வேறு மாநிலத்தில் இருந்தால் வழக்கும் அங்கே நடக்கும். 1 கோடி ரூபாயும் அதற்கு மேலும் பாக்கி வைத்த கம்பெனி மேல்தான் இந்த வழக்கைப் போட முடியும். உங்கள் ஒருவரின் பாக்கிக்காக நடக்காது. வேறொருவர் போட்ட வழக்கு ஏற்கப்பட்டதும் மற்ற வழக்குகளும் வசூலும் நின்றுவிடும். நாளிதழில் பொது அறிவிப்பு வரும். சேவை கொடுத்தவர்கள் தங்கள் பாக்கியைப் படிவம் 'பி'-யில், அறிவிப்பில் உள்ள கடைசித் தேதிக்குள் கோர வேண்டும். தீர்வு அதிகாரி நியமிக்கப்பட்டதிலிருந்து 14 நாள்தான் அந்தக் கெடு. தாமதமாகவும் தரலாம், ஆனால் அலைச்சல் கூடும். டெபாசிட்டை எந்த வகையில் கோருவது என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். பில், வங்கிக் கணக்குத் தாள், நிறுவனத்தோடு நடந்த மின்னஞ்சல் எல்லாவற்றையும் இப்போதே அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் ஆப் மூடிய பிறகு உங்கள் கணக்கை நீங்களே பார்க்க முடியாமல் போகலாம்.

வேறு நிறுவனத்துக்கு மாறும்போது

பூவம் புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்குள் இருக்கிறது. இங்கே செல்லுபடியாவது 2010-ஆம் ஆண்டின் மத்திய மருத்துவ நிறுவனங்கள் சட்டம். நண்டலாற்றைத் தாண்டினால் தமிழ்நாட்டின் 1997-ஆம் ஆண்டுச் சட்டம். தரங்கம்பாடியில் சென்டர் வைத்திருக்கும் நண்பர் செய்ததை அப்படியே நீங்களும் செய்ய முடியாது. உங்கள் பதிவுச் சான்றிதழில் பழைய நிறுவனத்தின் பெயர் இருந்தால், பலகையை மாற்றுவதற்கு முன் காரைக்காலில் சான்றிதழை மாற்றிக்கொள்ளுங்கள்.

நோயாளிகளின் பழைய ரிப்போர்ட்டுகள் பெரும்பாலும் பழைய நிறுவனத்தின் சர்வரில் இருக்கும். மாறுவதாக முடிவெடுத்ததும், தொடர்ந்து வருபவர்களைக் கூப்பிட்டு அவரவர் ரிப்போர்ட்டைப் பதிவிறக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். முடியாதவர்களுக்கு நீங்களே அச்செடுத்துக் கையில் கொடுங்கள். புது லேபின் மெஷின் வேறாக இருக்கும். தைராய்டுக்கும் புரோஸ்டேட் புற்றுநோய்க் குறியீட்டுக்கும் இயல்பு எல்லை மாறும். பழைய எண் 4, புது எண் 5 என்றால் நோய் கூடிவிட்டது என்று பயந்து டோஸை மாற்றுபவர்கள் இருக்கிறார்கள். புற்றுநோய் சிகிச்சைக்குப் பிறகு குறியீட்டைக் கவனித்து வருபவர்களுக்கு மட்டுமாவது, மாறும் மாதத்தில் இரண்டு லேபிலும் ஒரே நாளில் பார்த்து, இரண்டு எண்ணையும் ஒரே தாளில் எழுதி டாக்டரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். இரண்டாவது டெஸ்டின் காசை அவர்களிடம் வாங்காதீர்கள்.